குணசுந்தரி ஏரியில் எறிந்தது

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைக்கு வழி கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் என் பட்டறை வாசலில்தான் வண்டியை நிறுத்துவார்கள். வாசல் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்குமாமே, அது எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். நேராகப் போங்கள் என்பேன். இத்தனை வருஷத்தில் ஒருவராவது இறங்கி, ஆயில் பார்த்துக்கொடுங்கள் என்று கேட்டதில்லை. செத்தவர்களைப் பார்க்க இவ்வளவு தூரம் வருகிற கூட்டம், உயிரோடு இருக்கிற மெக்கானிக்கை மட்டும் பார்க்காது. எனக்கு இந்த எரிச்சல் எப்போதும் உண்டு. போகட்டும், இது சம்பந்தம் என்கிற என்னுடைய கதை இல்லை. தோணிரேவு குப்பத்துக் குணசுந்தரியின் கதை.

குணசுந்தரி மீன் விற்கிறவள். புருஷன் கண்ணப்பன் கடலுக்குப் போகிறவன், அதிகம் வாய் திறக்காதவன். வீட்டில் இரண்டு பேருக்குமான பேச்சை இவளே பேசிவிடுவாள். கரையில் மீன் வந்து விழுந்ததும் அவள் கையைப் பார்க்க வேண்டும். பெரியது ஒரு குவியல், சின்னது ஒரு குவியல், கெட்டது தோளுக்கு மேலே பின்பக்கமாகப் பறந்து ஏரியில் விழும். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். வாய் பாட்டுக்கு யாரிடமாவது சண்டை போட்டுக்கொண்டிருக்கும், கை பாட்டுக்குக் கழித்துக்கொண்டிருக்கும். "கண்ணு மின்னணும், தோலு மின்னணும். மின்னலன்னா தூக்கிக் கடாசு" என்பாள். மீன் விஷயத்தில் அவள் கை தப்பி நான் பார்த்ததில்லை. அவளிடம் வாங்கிய மீனால் என் வீட்டில் ஒருநாளும் வயிறு கெட்டதில்லை.

அவள் கார் வாங்கியதைச் சொல்லிவிடுகிறேன். கூடையோடு மீஞ்சூர் பஸ்ஸில் ஏறுகிற பெண்களை நடு ரோட்டில் இறக்கிவிடுவது அன்றாடம் நடக்கிற கூத்து. மீன் தண்ணீர் ஒழுகுகிறது, பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொள்கிறார், இறங்கு. ஒருநாள் கஸ்தூரியம்மாளை இறக்கிவிட்டார்கள். அந்தக் கூட்டத்திலேயே மூத்தவள், ஒரு முழங்கால் மடங்காது. அவளோடு தானும் இறங்கிய குணசுந்தரி, "கூடைய ஏத்தமாட்டியா நீ? கூடைக்குன்னே ஒரு வண்டி கொண்டாறேன் பாரு" என்று பஸ் கிளப்பிய புழுதியைப் பார்த்துக் கத்தினாளாம். கோபத்தில் சொல்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ மீஞ்சூரில் ஓர் அரிசி ஆலைக் கொட்டகையில் கிடந்த பழைய மார்க் டூ அம்பாசிடரைப் பேசி முடித்து, டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்துவிட்டாள். பின் சீட்டில் வைக்கோல் பரப்பி இருந்தது.

"இன்னாமா இது?" என்றேன்.

"காருணா. மெக்கானிக்கு, உனுக்கே தெரியலியா?"

"கோழி அடை வெச்ச மாதிரி கீது."

"கோழிய எறக்கிக்கினாங்க. முட்டை ரெண்டு கீது, ஊட்டுக்கு எடுத்துக்கினு போ."

அவளிடம் யார் பேசி ஜெயிப்பது? அந்த வண்டியை ஓட வைத்தேன். காட்டுப்பள்ளிப் பக்கம் ஆளில்லாத ரோட்டில் அவள் ஓட்டிப் பழகினாள். ஒரு மைல்கல்லும் ஒரு பனைமரமும் அதற்குச் சாட்சி. அதற்கப்புறம் தினமும் முன் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு கஸ்தூரியம்மாள், பின் சீட்டில் நெருக்கியடித்து மற்ற பெண்கள், டிக்கியில் ஐஸும் கூடையும். மீஞ்சூர் மார்க்கெட் வாசலில் அந்த வண்டி நின்றால் பழவேற்காட்டு மீன் வந்துவிட்டது என்று அர்த்தம். சில வருஷம் ராஜ வாழ்க்கைதான்.

பிறகு எஞ்சின் பேச ஆரம்பித்தது. முதலில் லேசாக டக் டக் என்றது. அப்புறம் பாலம் ஏறும்போது மூச்சு வாங்கியது. கடைசியில் புகை கக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டேன். சத்தம் பக்கவாட்டில் இருந்து வந்தது. கேம் ஷாஃப்ட் இருக்கிற இடம்.

"எஞ்சினை எறக்கிப் பாக்கணும்மா" என்றேன்.

பிஸ்டன் ரிங், பேரிங் எல்லாம் கடையில் கிடைக்கும், மாற்றிவிடலாம். கேம் ஷாஃப்ட் அப்படி இல்லை. அது எஞ்சினுக்குள் படுத்துச் சுற்றுகிற நீளமான இரும்புத் தண்டு. அதன் மேல் வரிசையாக எட்டு மேடுகள், ஒவ்வொன்றும் முட்டையின் கூர்மாதிரி ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். தண்டு சுற்றச் சுற்ற ஒவ்வொரு மேடும் தன் மேல் நிற்கிற டாப்பெட்டைத் தூக்கிவிடும். டாப்பெட் என்பது சின்ன இரும்புக் கிண்ணம். அது தூக்கினால்தான் வால்வு திறந்து எஞ்சின் மூச்சு விடும். மேடு தேய்ந்துபோனால் வால்வு பாதிதான் திறக்கும், எஞ்சின் திணறும். இந்தப் பழைய மாடலுக்குப் புது ஷாஃப்ட் எங்கும் இல்லை. சென்னையில் புதுப்பேட்டைக் கடைகளை எல்லாம் கிளறிப் பார்த்தேன். கிடைத்தவை எல்லாம் இதைவிட மோசம். ஒன்றைத் தொட்டபோது துரு கையோடு வந்தது.

இதற்கு நடுவில்தான் சகாதேவன் வந்தார். சென்னைக்காரர், பழைய கார்களைத் தேடிப் பிடித்து வீட்டில் வரிசையாக நிறுத்தி வைத்திருப்பவர். கல்லறை பார்க்க வந்தவர், அம்பாசிடரைப் பார்த்ததும் கல்லறையை மறந்துவிட்டு என் பட்டறைக்குள் நுழைந்துவிட்டார். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. வண்டியின் ஒவ்வொரு போல்ட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. குணசுந்தரியிடம் மரியாதையாகத்தான் கேட்டார்.

"கேம் ஷாஃப்ட் போயிருந்தா எனக்குக் குடுத்துடுங்கம்மா. வெளிநாட்டுல சொல்லி வரவழைச்சுப் போட்டுக்கிறேன். ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லை, எனக்கு அவசரம் இல்லை."

குணசுந்தரிக்கு அவசரம் இருந்தது. பெண்கள் மறுபடியும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரியம்மாளை அந்த வாரமே ஒருமுறை இறக்கிவிட்டாயிற்று. ஓடாத காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விற்றால் ஏதாவது ஒரு ஓட்டை ஆட்டோவாவது பார்க்கலாம். ஆனால் அவள் அந்த வண்டியின் கதவைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"ஞாயித்துக்கெயம வாங்க சார். தேறலன்னா வண்டி உங்குளுது" என்றாள். பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள். "சம்பந்தண்ணன் தேறும்னா தேறும். தேறாதுன்னா தேறாது. வேற பேச்சு கெடையாது."

எல்லாம் என் தலையில் வந்து விழுந்தது. எனக்கு அதில் பயம் ஒன்றும் இல்லை. கேம் ஷாஃப்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில் இந்த ஏரியைச் சுற்றி என்னை மிஞ்சின ஆள் கிடையாது. இதைத் தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

சனிக்கிழமை வேலையைத் தொடங்கினேன். முதலில் எஞ்சினை இறக்கி, பக்கவாட்டு மூடியைக் கழற்றி டாப்பெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். மீன் வருகிற தெர்மோகோல் பெட்டியின் மூடியில் எட்டுக் குழி போட்டு, ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வரிசையாக நட்டு வைத்தேன். குணசுந்தரி பக்கத்தில் குந்திக்கொண்டு பார்த்தாள்.

"இன்னாத்துக்குணா வரிசை? எல்லாம் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்ல. ஒவ்வொண்ணும் ஒரு மேட்டோட பழகினது. ஆள மாத்தி வெச்சா ஒண்ண ஒண்ணு தின்னுடும்."

"ஓகோ, அவங்கவங்க மாமியாரு அவங்கவங்களுக்குத்தான்னு சொல்லு" என்றாள். சிரிக்காமல் எப்படி இருப்பது?

அப்புறம் ஷாஃப்டை வெளியே இழுத்தேன். இதில் அவசரப்படக் கூடாது. மெதுவாகச் சுற்றிச் சுற்றி உருவ வேண்டும். மேட்டின் ஓரம் பேரிங்கில் உரசினால் நாமே அதைக் கெடுத்த மாதிரி ஆகும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஏரிப் பக்கத்துக் கதவைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தேன். முதலில் கண், அப்புறம் நகம், கடைசியில்தான் அளவுக் கருவி. என் வழக்கம் அது. மேட்டின் உச்சியில் கடினமான இரும்புத் தோல் இருக்கும். அது உரிந்து புள்ளிப் புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் அங்கேயே கையை விரித்துவிடலாம். எட்டு மேட்டையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குழி இல்லை. நகத்தை ஓட்டினேன். ஏழு மேட்டில் வழுக்கிக்கொண்டு போயிற்று. மூன்றாவது மேட்டின் ஓரத்தில் மட்டும் நகம் லேசாகத் தட்டியது.

மைக்ரோமீட்டரை எடுத்தேன். மேட்டின் உயரத்தை ஒருமுறை, மேடில்லாத பக்கத்தின் குறுக்களவை ஒருமுறை. முதலதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால், அந்த மேடு டாப்பெட்டை எவ்வளவு தூக்குகிறது என்று தெரிந்துவிடும். ஏழும் அச்சடித்த மாதிரி ஒன்றாக இருந்தன. மூன்றாவது ஒரு மயிரிழை குறைச்சல். அந்தக் குறைச்சலை எஞ்சின் பொறுத்துக்கொள்ளும். மீன் கூடை சுமக்கிற வண்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பேரிங்கில் உட்காருகிற மூன்று இடங்களும் வழுவழுவென்று இருந்தன.

குணசுந்தரி நாஷ்டா வாங்கப் போயிருந்த நேரத்தில் டாப்பெட்டுகளைப் பார்த்தேன். டாப்பெட்டின் அடிப்பாகம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு லேசாகத் தொந்தி போட்டிருக்க வேண்டும். இரண்டை அடியோடு அடி சேர்த்து வைத்தால் தொந்தியும் தொந்தியும் மோதி ஆட வேண்டும். ஆடினால் நல்லது. ஏழு ஆடின. மூன்றாவது ஆடவில்லை. தேய்ந்து, நடுவில் குழிந்து, கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. மேட்டை உரசிக்கொண்டிருந்த திருடன் இவன்தான். என்னிடம் எப்போதோ பத்திரப்படுத்திய பழைய ஒரிஜினல் டாப்பெட் ஒன்றே ஒன்று இருந்தது. அதை அங்கே போட்டால் வேலை முடிந்தது. இப்போது கடையில் வருகிற டூப்ளிகேட் டாப்பெட்டை நான் கையாலும் தொடமாட்டேன். ஒரு ஜீப்புக்குப் போட்டுப் பார்த்தேன்; மெழுகாகத் தேய்ந்து, கேம் ஷாஃப்டையும் சேர்த்துத் தின்றுவிட்டது.

இட்லிப் பொட்டலத்தோடு வந்த குணசுந்தரியிடம் சொன்னேன். "ஷாஃப்டு முக்கால்வாசி தேறிடுச்சி. டாப்பெட்ல ஒண்ணுதான் காலி. அத்தத் தூக்கிப் போட்டுட்டு என்னாண்ட கீற ஒண்ணைப் போடணும். இனிமே ஷாஃப்டு வளைஞ்சிருக்குதான்னு ஒரு சோதனை பாக்கி கீது. பொன்னேரில தாமோதரன் லேத்துல காலைல பாத்துக்கினு வந்துடறேன். நீ வந்து இந்த டாப்பெட்டை எல்லாம் கழுவி, எடுத்த குழியிலேயே வை."

"அவ்ளோதானே? நீ போய்ட்டு வா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி போனேன். தாமோதரன் ஷாஃப்டைக் கட்டைகளின் மேல் கிடத்தி, டயல் கேஜின் முள்ளை நடுவில் வைத்துச் சுற்றினான். முள் தூங்குகிற மாதிரி இருந்தது. "கம்பி மாதிரி நேரா கீது. எடுத்துக்கினு போய் மாட்டு" என்றான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் ஷாஃப்டை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டுக்காரரிடம் அம்பாசிடர் எஞ்சினைப் பற்றிப் பழவேற்காடு வரைக்கும் பேசிக்கொண்டு வந்தேன். அந்த மனிதர் பாவம், தூங்க நினைத்திருப்பார்.

"தேறிடுச்சி!" என்று கத்திக்கொண்டேதான் பட்டறைக்குள் நுழைந்தேன்.

குணசுந்தரி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். முகம் எல்லாம் பல். "எனுக்குத் தெரியும்ணா. நானும் என் வேலைய முடிச்சிட்டேன். எல்லாத்தையும் கழுவி வெச்சிட்டேன். அந்தக் கெட்டுப்போனதையும் தூக்கிக் கடாசிட்டேன்."

தெர்மோகோல் மூடியைப் பார்த்தேன். மூன்றாவது குழியில் அந்தத் திருடன் பளபளவென்று உட்கார்ந்திருந்தான். ஆறாவது குழி காலியாக இருந்தது.

"எங்க கடாசினே?"

"ஏரில."

"அடிப்பாவி!" என்று நான் போட்ட சத்தத்தில் கூரை மேலே இருந்த காக்கைகள் பறந்துபோயின. "உன் கையில கட்டி மொளைக்க! எட்டுலயே நல்லது அதுதாண்டி!"

"இன்னாணா சொல்றே? அது கறுப்பா, மங்கலா, கலீஜா இருந்துச்சி. தேய்ச்சித் தேய்ச்சிப் பாத்தேன், மின்னவே இல்ல. இது பாரு, மூஞ்சி பாக்கலாம்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மீனைக் கழிக்கிற மாதிரியே கழித்திருக்கிறாள். மின்னினால் நல்லது, மங்கினால் ஏரிக்கு. மூன்றாவதை எடுத்து அவள் கட்டை விரலை அதன் அடியில் வைத்து அழுத்தினேன். குழி அவளுக்கும் தட்டுப்பட்டது. இரண்டாவதோடு சேர்த்து வைத்துக் காட்டினேன், ஆடவில்லை. "இது மின்னுறதே தேய்ஞ்சதாலதான். நீ போட்டது ஒழுங்கா வேலை செஞ்சி ஆயில் நெறம் ஏறினது. புரியுதா?"

அவள் அப்படியே மண்தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "நீ தேத்திக் குடுத்தே. நானே கெடுத்துக்கினேனேணா. இன்னும் கொஞ்ச நேரத்துல அந்த சாரு வந்துடுவாரே, இன்னா சொல்லுவேன்?" என்றாள். எனக்குக் கோபம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். கெட்டது ஒன்றுக்குப் பதில் போட என்னிடம் ஒன்று உண்டு. இப்போது இரண்டு வேண்டும். இரண்டாவதுக்கு நான் எங்கே போவேன்?

அந்த நேரத்தில்தான் மீஞ்சூர் பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். ஷாஃப்ட் என்ன ஆயிற்று என்று கேட்க நேராகப் பட்டறைக்கே வந்துவிட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். மற்றவர்கள் ஐயையோ என்று வாயில் கை வைத்தார்கள். கஸ்தூரியம்மாள் மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"எப்பவும் எறியிற மாதிரியா எறிஞ்சே?"

"ஆமாக்கா. தோளுக்கு மேல."

"எங்க ஒக்காந்திருந்தே?"

பட்டறையின் பின்கதவுப் படியைக் காட்டினாள். அதற்கு அந்தப் பக்கம் சேறு, அப்புறம் ஏரி. தண்ணீர் இறங்குகிற நேரம். தொடையளவுதான் இருந்தது.

"அப்போ அங்கயே ஒக்காரு. சம்பந்தம், அதே கனத்துல இன்னொண்ணு கீதில்ல?"

கெட்ட டாப்பெட்டை நீட்டினேன். வலை நூலில் அதைக் கட்டி, நூலின் மறுமுனையில் ஒரு மிதவையைக் கட்டினாள். கெட்டது விழுகிற இடத்தைச் சுற்றித்தான் நல்லதும் கிடக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. இந்த யோசனை எனக்குத் தோன்றவில்லை, அதற்கு என்ன இப்போது?

குணசுந்தரி எறிந்தாள். ரொம்ப யோசித்து எறிந்ததால் அது காலடிச் சேற்றிலேயே பொத்தென்று விழுந்தது. மறுபடியும் எறிந்தாள். அது பக்கத்துப் படகில் போய் மோதியது. "பேஜாரா கீதேக்கா, கை வரலியே" என்றாள்.

கஸ்தூரியம்மாள் தன் கூடையை அவள் முன்னால் கவிழ்த்தாள். விற்காத மீன் கொஞ்சம் இருந்தது. "கழி" என்றாள். குணசுந்தரி எடுக்க ஆரம்பித்தாள். "கோழி அடை வெச்சிருந்த காரப் போய் வாங்கினவதானே நீ. மீன் பாக்கவும் தெரியல, இரும்பு பாக்கவும் தெரியல" என்று கஸ்தூரியம்மாள் வேண்டுமென்றே சீண்டினாள்.

"யாருக்கா மீன் பாக்கத் தெரியாதவ? நீ கொண்டாந்த கெளங்கான் மீனப் பாரு, கண்ணு எப்படிக் கீதுன்னு! இத்த எவன் வாங்குவான்?" என்று குணசுந்தரி சீறினாள். வாய் சண்டையில் இறங்கியதும் கை தானாக வேலையைத் தொடங்கியது. ஒரு மீன், இன்னொரு மீன், ஒன்று பின்பக்கம் பறந்தது. கஸ்தூரியம்மாள் நடுவில் டாப்பெட்டைத் திணித்தாள். குணசுந்தரி திட்டிக்கொண்டே அதையும் எறிந்தாள். நூல் சரசரவென்று ஓடியது. நாங்கள் நினைத்ததைவிட நல்ல தூரத்தில் டுப்பென்று விழுந்து, மிதவை ஆடிக்கொண்டு நின்றது.

பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பது அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் தடவிக்கொண்டே நகர்ந்தார்கள். நானும் இறங்கினேன். "நீ சேத்தைக் கலக்காத, மேல ஏறு" என்று விரட்டிவிட்டார்கள்.

சகாதேவன் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். பின்னால் வண்டி ஏற்றிப் போக ஒரு லாரி. ஏரியில் பறியைக் கவ்விக்கொண்டு தவழ்கிற பெண்களையும், கரையில் சேறு வழிய நிற்கிற என்னையும் பார்த்துவிட்டு, "இறாலா?" என்று கேட்டார்.

"டாப்பெட்டு" என்றேன்.

விஷயம் தெரிந்ததும் அவர் சிரிக்கவில்லை. ஷாஃப்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார், மூன்றாவது மேட்டில் நகத்தை ஓட்டினார். "நீங்க சொல்றது சரி. ஓடும். அந்த ஒண்ணு கிடைச்சா" என்றார். பிறகு லாரிக்காரரை டீ குடிக்க அனுப்பிவிட்டு என்னோடு படியில் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் ஒரு சோடா மூடி வந்தது. அப்புறம் சிப்பி, உடைந்த ஓடு, ஒருத்தியின் விரலைப் பிடித்த நண்டு. நடுநடுவே இறாலும் கிடைத்தது, அதையும் விடாமல் பறியில் போட்டுக்கொண்டார்கள். மிதவையைச் சுற்றி வட்டம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. கடல் பக்கமிருந்து தண்ணீர் திரும்பி ஏற ஆரம்பித்தது. இனி ஏறினால் சேற்றில் புதைந்தது புதைந்ததுதான். குணசுந்தரி முகத்தில் உயிரே இல்லை. என்னைப் பார்த்தாள், நான் லாரியைப் பார்த்தேன்.

கஸ்தூரியம்மாளால் குந்த முடியாது. அதனால் நின்றபடியே, நல்ல காலின் பாதத்தால் சேற்றை மெதுவாகத் துழாவிக்கொண்டிருந்தாள். திடீரென்று அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏண்டி, உன் சாமான் வட்டமா இருக்குமா?"

"ஆமாக்கா!"

"குண்டாஞ்சட்டி மாரி ஒரு பக்கம் குழியா?"

"ஆமாக்கா, ஆமா!"

"எங் கால் வெரல் அதுக்குள்ள கீது. வந்து எடு. என்னால குனிய முடியாது."

குணசுந்தரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி, அவள் காலடியில் மூழ்கி, கையை உயர்த்திக்கொண்டு எழுந்தாள். சேறு பூசிய கையில் அந்தக் கறுப்புக் கிண்ணம். அப்படியே கஸ்தூரியம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "போடி, ஈரம்" என்று அவள் தள்ளிவிட்டாள். நான் டாப்பெட்டை வாங்கி, உப்புத் தண்ணீர் போகக் கழுவி, மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்தேன். இரண்டாவதோடு அடி சேர்த்து வைத்தேன். தொந்தி தொந்தியோடு மோதி அழகாக ஆடியது. ஒரு கீறல் இல்லை. என் கண்ணிலும் தண்ணீர் வந்தது, மண்ணெண்ணெய் நெடி என்று சொல்லிக்கொண்டேன்.

"லாரிய அனுப்பிடுங்க சார்" என்றாள் குணசுந்தரி. அவர் அனுப்பிவிட்டார். அன்றைக்குப் பிடித்த இறாலை ஒரு பை நிறையக் கட்டி அவர் கையில் கொடுத்தாள்.

எஞ்சினைக் கூட்டி, வண்டியில் ஏற்றி, வால்வு இடைவெளி வைத்து ஸ்டார்ட் செய்த அன்றைக்கும் சகாதேவன் வந்திருந்தார். சத்தம் கேட்பதற்காகவே வந்ததாகச் சொன்னார். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. புகை இல்லை, திணறல் இல்லை. அவர் பானெட் பக்கம் குனிந்து கேட்டுவிட்டு, "மூணாவது மட்டும் லேசா பேசுது" என்றார். நல்ல காது. "மேடு மயிரிழை கம்மி இல்லியா, பேசத்தான் செய்யும்" என்றேன். ஒத்துக்கொண்டார்.

பெண்கள் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு மனசு கேட்கவில்லை. டிரைவர் சீட்டு ஜன்னலில் குனிந்து கடைசியாக ஒருமுறை கேட்டார். "இந்த உப்புக் காத்துல, மீன் தண்ணியில இதை ஏம்மா கெடுக்கணும்? என்கிட்ட இருந்தா கண்ணாடி மாதிரி மின்னும்."

முன் கண்ணாடிக்கு மேலே, மற்ற வண்டிகளில் எலுமிச்சம்பழம் தொங்குகிற இடத்தில், வலை நூலில் ஒரு டாப்பெட் தொங்கிக்கொண்டிருந்தது. ஏரியில் எறிந்து இடத்தைக் காட்டிக்கொடுத்த அந்த மூன்றாவது. வெயிலில் பளீரென்று கண்ணைக் கூசவைத்தது. குணசுந்தரி அதை ஒரு விரலால் சுண்டிவிட்டாள்.

"இதோ மின்னுது பாருங்க சார், இதான் கெட்டது" என்றாள். "உங்க ஊட்ல வண்டி மின்னிக்கினு நிக்கும். எங்காண்ட கலீஜாதான் கீது, ஆனா வேலைக்குப் போவுது."

அவர் வாய்விட்டுச் சிரித்து, ஜன்னலிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"பேசிக்கினே இருந்தா ஐஸு உருகிடும், எடுடி வண்டிய" என்று முன் சீட்டிலிருந்து கஸ்தூரியம்மாள் அதட்டினாள். அம்பாசிடர் கல்லறைத் தெருவைத் தாண்டி மீஞ்சூர் ரோட்டில் திரும்பியது. எஞ்சினில் மூன்றாவது மேடு பேசிக்கொண்டே போவது எனக்கு முனை வரைக்கும் கேட்டது. பேசட்டும். அந்த வண்டியில் பேசாமல் வருகிறவர்கள் யார் இருக்கிறார்கள்?